கிண்டி மாளிகையின் கதை: ஆளுநர் யாருடைய ஆள்?

1991 ஜனவரி கடைசி வாரம். டெல்லியில் சந்திரசேகர் பிரதமர். காங்கிரஸ் வெளியில் இருந்து கொடுத்த ஆதரவில் ஓடிக்கொண்டிருந்த அரசு அது. தமிழ்நாட்டில் கருணாநிதி முதல்வர். சட்டமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இருந்தது, அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆனாலும் விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுக்கிறார்கள், சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று சொல்லி ஆட்சியைக் கலைக்க டெல்லி தயாராகிவிட்டது. வழக்கமான ரூட் என்னவென்றால், 'இங்கே அரசியலமைப்புச் சட்டப்படி ஆட்சி நடத்த முடியவில்லை' என்று ஆளுநர் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதை வைத்துக்கொண்டு குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடுவார்.

அப்போது ஆளுநராக இருந்தவர் சுர்ஜித் சிங் பர்னாலா. அவர் அந்த அறிக்கையைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

அதனால் ஆட்சி தப்பியதா? இல்லை. அரசியலமைப்பின் 356-வது பிரிவில், ஆளுநரின் அறிக்கையின் பேரில் 'அல்லது வேறு வகையில்' என்று ஒரு சின்ன சொற்றொடர் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஜனவரி 30 அன்று திமுக அரசைக் கலைத்தார்கள். கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பர்னாலாவை பீகாருக்கு மாற்றினார்கள். அவர் அங்கே போகாமல் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

ஆளுநர் பதவி பற்றி நடக்கும் எல்லா சண்டையும் இந்த ஒரு சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது. நல்ல ஆள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு பர்னாலாதான் பதில். நல்ல ஆள் வந்தார். சீக்கிரமே அனுப்பப்பட்டார்.

ஆளுநர் பற்றிய செய்தி வராத வாரமே இல்லை என்ற நிலைமையில், இந்தப் பதவி எங்கிருந்து வந்தது, யார் யார் உட்கார்ந்தார்கள், எங்கே சிக்கல் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பெனி மேனேஜரில் இருந்து 'மாண்புமிகு' வரை

சென்னையின் முதல் கவர்னர்கள் யாருக்கும் மக்களோடு சம்பந்தம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள புனித ஜார்ஜ் கோட்டையில் வைக்கப்பட்ட மேனேஜர்கள் அவர்கள். இன்றைய பாஷையில் பிராஞ்ச் ஹெட். 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், பதவியை வைத்து சொந்த வியாபாரம் பார்த்தார் என்ற புகாரில் நீக்கப்பட்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. 1776-ல் கவர்னராக இருந்த பிகாட் பிரபுவை அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே கைது செய்தார்கள். அடுத்த வருடம் காவலிலேயே இறந்துபோனார். முதல்வருக்கும் கவர்னருக்கும் நடக்கும் இன்றைய சண்டையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. 1820-ல் வந்த தாமஸ் மன்றோ, விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர். 1827-ல் சுற்றுப்பயணத்தில் காலரா வந்து இறந்தார். தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை அவருடையதுதான். கிண்டியில் இருக்கும் மாளிகை அரசாங்கத்தின் கைக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். கவர்னர்கள் ஊர் வெயிலில் இருந்து தப்பிக்கப் போகும் தோட்ட வீடாக இருந்தது அது. சுதந்திரத்தை ஒட்டித்தான் நிரந்தர ராஜ்பவன் ஆனது. இன்றைய கிண்டி தேசியப் பூங்காவும் ஐஐடி மெட்ராஸ் வளாகமும் ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தின் காடுதான் என்றால், அது எவ்வளவு பெரிய 'வீடு' என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முக்கியமான திருப்பம் 1935 சட்டம். மாகாணங்களில் தேர்தல், சட்டமன்றம், பிரீமியர் எல்லாம் வந்தன. ஆனால் கவர்னர் கையில் 'தன் விருப்பப்படி' பயன்படுத்தும் சிறப்பு அதிகாரங்கள் அப்படியே இருந்தன. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் ஜெயித்த காங்கிரஸ், 'கவர்னர் அன்றாட ஆட்சியில் மூக்கை நுழைக்க மாட்டார் என்று உறுதி கொடுங்கள், இல்லையென்றால் பதவியேற்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டது. சுமார் மூன்று மாதம் இழுபறி. அந்த இடைவெளியில் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை ஓடியது. டெல்லியில் இருந்து சமாதானம் வந்த பிறகுதான் ஜூலையில் ராஜாஜி பதவியேற்றார்.

அதாவது, கவர்னரின் 'விருப்ப அதிகாரம்' ஆபத்து என்று முதலில் சத்தம் போட்டது திமுகவும் இல்லை, வேறு எந்த மாநிலக் கட்சியும் இல்லை. காங்கிரஸ். அதே காங்கிரஸ்காரர்கள் நிறைந்திருந்த அரசியல் நிர்ணய சபைதான் அந்தப் பதவியை அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மறுபடியும் உருவாக்கியது.

தேர்தலில் ஜெயிக்க வேண்டிய ஆளுநர்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். அரசியலமைப்பின் முதல் வரைவில் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. 1949 மே மாத இறுதியில்தான் அது மாறியது. மக்கள் ஓட்டில் ஜெயித்த முதல்வரும் மக்கள் ஓட்டில் ஜெயித்த ஆளுநரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள், எனவே ஆளுநரை குடியரசுத் தலைவரே நியமிக்கட்டும் என்பது வாதம். ஆளுநருக்குத் தனியாகச் செய்யப் பெரிதாக எந்த வேலையும் இருக்கப்போவதில்லை, பிறகு எதற்கு அவருக்கு ஒரு தேர்தல் என்ற எண்ணம் சபையில் பரவலாக இருந்தது. மோதல் வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு இது. வரலாற்றின் கிண்டல்!

கடைசியில் வந்தது இதுதான். 155-வது பிரிவு: குடியரசுத் தலைவர், அதாவது நடைமுறையில் ஒன்றிய அமைச்சரவை, ஆளுநரை நியமிக்கும். 156: ஐந்து வருடம் பதவி, ஆனால் குடியரசுத் தலைவர் விரும்பும் வரை மட்டுமே. 163: அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும், அரசியலமைப்பு அவருடைய விருப்பத்துக்கு விட்ட விஷயங்கள் தவிர. எது அந்த விஷயம் என்று சந்தேகம் வந்தால்? ஆளுநர் சொல்வதே முடிவு என்று அதே பிரிவு சொல்கிறது. 200: சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு அவர் ஒப்புதல் கொடுக்கலாம், நிறுத்திவைக்கலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைக்கலாம். திருப்பி அனுப்பியதை சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது.

எத்தனை நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும்? 'கூடிய விரைவில்' என்ற பொருள்தான் வருகிறது. நாள் கணக்கு இல்லை. பின்னால் வந்த பாதி வழக்குகள் இந்த இடத்தில் இருந்து முளைத்தவை.

முதல் தேர்தலிலேயே முதல் சர்ச்சை

1952 பொதுத் தேர்தல். அப்போதைய மெட்ராஸ் சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து பிரகாசம் தலைமையில் ஒரு முன்னணி அமைத்து, எங்களுக்கு 166 பேர் இருக்கிறார்கள் என்று உரிமை கோரினார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவர்களைக் கூப்பிடவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, ஆட்சி அமைக்க அழைத்தார். கலை, இலக்கியம், சமூக சேவை போன்றவற்றில் பெயர் எடுத்தவர்களுக்கான கோட்டா அது. கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி நீதிமன்றம் போனார், பலன் இல்லை. ராஜாஜி ஏப்ரலில் முதல்வர் ஆனார், பிறகு சட்டமன்றத்தில் பெரும்பான்மையையும் காட்டினார்.

இன்றைக்கு கோவாவிலோ மணிப்பூரிலோ மகாராஷ்டிராவிலோ 'தனிப்பெரும் கட்சியா, கூட்டணியா, யாரை முதலில் கூப்பிடணும்' என்று டிவியில் விவாதம் நடக்கும்போது, இதற்கான முதல் எபிசோடு சென்னையில் ஷூட் ஆனது என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அதற்குப் பின் பதினைந்து வருடம் பெரிய சத்தம் இல்லை. டெல்லியிலும் காங்கிரஸ், இங்கேயும் காங்கிரஸ். ஏ.ஜே.ஜான், பிஷ்ணுராம் மேதி, மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் என்று வந்தார்கள், போனார்கள். ஜான் பதவியில் இருக்கும்போதே 1957-ல் காலமாக, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி.ராஜமன்னார் சில மாதம் பொறுப்பு ஆளுநராக இருந்தார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்குத் தாடி

1967-ல் திமுக ஆட்சிக்கு வந்த பிறகுதான் கதை மாறுகிறது. ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்ற அண்ணாவின் கேள்வி இன்றைக்கும் மீமாக வலம் வருகிறது. ஆனால் அண்ணா முதல்வராக இருந்த இரண்டு வருடத்தில் ஆளுநர் உஜ்ஜல் சிங்குடன் பெரிய மோதல் எதுவும் இல்லை. பதவி வேண்டாம் என்பது கொள்கை. பதவியில் இருக்கும் மனிதரோடு மரியாதையாகப் பழகுவது நடைமுறை. இரண்டும் வேறு வேறு என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

கருணாநிதி இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். 1969-ல் மத்திய-மாநில உறவுகளை ஆராய ஒரு குழு அமைத்தார். தலைவர் யார்? ஆளுநர் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்த அதே ராஜமன்னார். 1971-ல் வந்த அவருடைய அறிக்கை, மாநில அமைச்சரவையைக் கலந்துதான் ஆளுநரை நியமிக்க வேண்டும், 356-ஐ எடுத்துவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டது. டெல்லி இரண்டையும் கண்டுகொள்ளவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கிடைத்தது. அதுவரை சுதந்திர தினத்தன்றும் கோட்டையில் கொடி ஏற்றியவர் ஆளுநர்தான். கருணாநிதி இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதிக் கேட்டதில், 1974 ஆகஸ்ட் 15 முதல் முதல்வர்கள் கொடி ஏற்றுகிறார்கள். இந்தியா முழுக்க.

ஆட்சி கலைந்த நாட்கள்

பிறகு வந்தது கலைப்புகளின் காலம். நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று, ஆளுநர் கே.கே.ஷாவின் அறிக்கையை வைத்து திமுக அரசு கலைக்கப்பட்டது. ஆட்சிக்காலம் முடியச் சில வாரங்களே இருந்தன. ஊழல் புகார்களை விசாரிக்க நீதிபதி சர்க்காரியா தலைமையில் ஆணையம் வந்தது. அதே சர்க்காரியாவைத்தான் 1983-ல் மத்திய-மாநில உறவுகளை ஆராயச் சொன்னார்கள். அவருடைய குழுவும் கடைசியில், தீவிர அரசியலில் இருந்தவர்களை ஆளுநராக்காதீர்கள், முதல்வரைக் கலந்து நியமியுங்கள் என்றுதான் எழுதியது!

1980 பிப்ரவரியில் எம்ஜிஆர் அரசின் முறை. இந்திரா திரும்பி வந்ததும் ஒன்பது மாநில அரசுகளை ஒரே நாளில் கலைத்தார், அதில் தமிழ்நாடும் ஒன்று. அப்போது ஆளுநர், ஜனதா ஆட்சி நியமித்த பிரபுதாஸ் பட்வாரி. சில மாதம் கழித்து அவரையும் பதவியில் இருந்து நீக்கிவிட்டார்கள். முதல்வருக்காவது மறுபடி மக்களிடம் போக ஒரு வழி இருந்தது. எம்ஜிஆர் போனார், ஜெயித்தார். ஆளுநருக்கு அந்த வழியும் இல்லை.

எம்ஜிஆர் இறந்த பிறகு, 1988 ஜனவரியில் ஜானகிக்கு ஆளுநர் குரானா பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ஜனவரி 28 நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டமன்றத்துக்குள்ளேயே அடிதடி, போலீஸ். இரண்டு நாளில் ஆட்சி போனது. அதன் பிறகு சுமார் ஒரு வருடம் ஆளுநர் பி.சி.அலெக்சாண்டர் கையில் மாநிலம் இருந்தது. இந்திராவின் முதன்மைச் செயலாளராக இருந்தவர், கை தேர்ந்த நிர்வாகி. அவர் காலத்தில் ஃபைல்கள் வேகமாக நகர்ந்தன என்று இன்றும் சொல்கிற பழைய அதிகாரிகள் உண்டு. நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வருடம் தமிழ்நாட்டில் கேள்வி கேட்க ஒரு சட்டமன்றம் இல்லை.

1991-க்குப் பிறகு இந்தக் கலைப்புகள் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. காரணம், 1994 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் பொம்மை வழக்கில் கொடுத்த தீர்ப்பு. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணக் கூடாது, சட்டமன்றத்தில்தான் எண்ண வேண்டும். கலைப்பை நீதிமன்றம் ஆய்வு செய்யலாம் என்றது அது. வாள் உறைக்குள் போனது. சண்டை ஃபைலுக்குள் நுழைந்தது.

சென்னா ரெட்டி முதல் ஃபாத்திமா பீவி வரை

1993-ல் வந்த சென்னா ரெட்டி, ஆந்திராவின் முன்னாள் முதல்வர். ஜெயலலிதாவுக்கும் அவருக்கும் நடந்த மோதல் போல அதற்கு முன் தமிழ்நாடு பார்த்ததில்லை. பல்கலைக்கழகங்களுக்கு முதல்வரே வேந்தர் என்று 1994-ல் சட்டமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. 1995-ல் ஜெயலலிதா மீது வழக்குத் தொடர சுப்பிரமணியன் சுவாமிக்கு ஆளுநர் அனுமதி கொடுத்தார். அடுத்த மாதம் திண்டிவனம் அருகே ஆளுநரின் காரை அதிமுகவினர் மறித்தார்கள். அவரைத் திரும்பப் பெறச் சொல்லி சட்டமன்றமே தீர்மானம் போட்டது.

இங்கே ஒரு நிமிஷம். ஆளுநருக்கு எதிரான சண்டை திமுகவின் ஸ்பெஷல் என்று நினைக்கிற தலைமுறைக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். அதே ஜெயலலிதா 1998-ல் வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு கொடுத்தபோது, கருணாநிதி ஆட்சியைக் கலைக்கச் சொல்லி நெருக்கடி கொடுத்தார் என்பதையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும். திமுகவும் விதிவிலக்கு இல்லை. 1996 முதல் 2013 வரை பெரும்பாலான காலம் ஒன்றிய ஆட்சியில் பங்கு வகித்த கட்சி அது. ராஜமன்னார் அறிக்கையை மேசை மேல் வைக்க வாய்ப்பு இருந்தது. வைக்கவில்லை. 2020 டிசம்பரில் அதிமுக அமைச்சர்கள் மீதான ஊழல் பட்டியலை ஸ்டாலின் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆளுநரிடம்தான். ஆட்சி மாறியதும் பழனிசாமி மனுவோடு போனதும் அதே மாளிகைக்குத்தான். எதிர்க்கட்சியாக இருக்கும் வரை எல்லோருக்கும் ஆளுநர் தேவைப்படுகிறார்.

ஃபாத்திமா பீவியின் கதை தனி. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1997-ல் தமிழ்நாட்டு ஆளுநர். 2001 மே மாதம், ஊழல் வழக்கில் தண்டனை பெற்று, நான்கு தொகுதிகளில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட ஜெயலலிதாவுக்கு அவர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பெரும்பான்மைக் கட்சி அவரைத்தானே தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. ஜூன் 30 நள்ளிரவில் கருணாநிதி கைது நடந்தது. ஆளுநரைத் திரும்பப் பெற ஒன்றிய அமைச்சரவை முடிவெடுக்க, அவர் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் ஜெயலலிதாவின் நியமனமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி ஃபாத்திமா பீவி செய்தது தவறு என்று தீர்ப்பாகிவிட்டது. ஆனால் அவர் பதவி போனது அந்தச் சட்டத் தவறுக்காக இல்லை. நள்ளிரவுக் கைதைப் பற்றி டெல்லி எதிர்பார்த்த தொனியில் அவர் அறிக்கை அனுப்பவில்லை என்பதற்காக.

அதன் பின் பத்துப் பதினைந்து வருடம் ராஜ்பவன் அமைதி. 2004-ல் பர்னாலாவே மறுபடி ஆளுநராக வந்தார். 2006-ல் கருணாநிதிக்கும் 2011-ல் ஜெயலலிதாவுக்கும் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவர். காங்கிரஸ் நியமித்த ரோசய்யா, 2014-ல் மோடி பிரதமரான பிறகும் பதவிக்காலம் முடியும் வரை நீடித்தார். இரண்டு பேரும் தலைப்புச் செய்தியில் அதிகம் வரவில்லை. ஆளுநர்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

காத்திருப்பே அதிகாரம்

2017 பிப்ரவரியை நினைவிருக்கிறதா? சசிகலாவை சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது 5-ம் தேதி. மகாராஷ்டிராவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுநர் வித்யாசாகர் ராவ் சென்னை வந்தது 9-ம் தேதி. வந்த பிறகும் முடிவு சொல்லவில்லை. 14-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சசிகலா சிறைக்குப் போக, 16-ம் தேதி பழனிசாமி முதல்வர். அந்தத் தாமதம் சரியான விளைவைத்தான் கொடுத்தது என்று அன்று பலர் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் 'எதுவும் செய்யாமல் இருப்பது' ஓர் ஆளுநரின் வலுவான ஆயுதம் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது.

அந்த ஆயுதம் ஒரு மனிதர் மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் பேரறிவாளன் வழக்கு. அவரையும் மற்ற ஆறு பேரையும் விடுதலை செய்யலாம் என்று அதிமுக அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் இரண்டு வருடத்துக்கும் மேல் அதை வைத்திருந்தார். 2021-ல் முடிவு என் கையில் இல்லை, குடியரசுத் தலைவர் பார்க்கட்டும் என்றார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி பேரறிவாளனை விடுவித்தது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. ராஜீவ் கொலை வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, 'ஆம்' என்றும் சொல்லாமல் 'இல்லை' என்றும் சொல்லாமல் ஒரு ஃபைலை வருடக்கணக்கில் வைத்திருக்கும் அதிகாரம் ஒருவருக்கு இருக்கலாமா என்பது தனிக் கேள்வி.

2021 செப்டம்பரில் ஆர்.என்.ரவி வந்தார். முன்னாள் ஐபிஎஸ், உளவுத் துறையில் அனுபவம், நாகாலாந்து ஆளுநராக இருந்தவர். நீட் விலக்கு மசோதாவை 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் ஒரே வாரத்தில் மறுபடி நிறைவேற்றியது. ஆன்லைன் ரம்மி தடை மசோதா 2022 அக்டோபரில் நிறைவேறி, 2023 மார்ச்சில் திரும்பி வந்து, ஏப்ரலில்தான் சட்டமானது. 2023 ஜனவரி 9 அன்று அரசு எழுதிக் கொடுத்த உரையில் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தார். அவை பதிவாகும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டதும், தேசிய கீதத்துக்குக் காத்திருக்காமல் வெளியேறினார். அதே வருடம் ஜூன் 29 மாலை செந்தில் பாலாஜியை அமைச்சர் பதவியில் இருந்து நீக்குவதாக அறிவித்து, நள்ளிரவுக்குள் அதை நிறுத்திவைத்தார். 2024 மார்ச்சில் பொன்முடிக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க மறுத்து, உச்ச நீதிமன்றம் கண்டித்த மறுநாள் செய்துவைத்தார்.

இதில் செந்தில் பாலாஜி மேட்டரில் கைதான ஒருவர் அமைச்சராகத் தொடரலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்க வேண்டியது சட்டமன்றமும் நீதிமன்றமும் வாக்காளர்களும். முதல்வரின் ஆலோசனை இல்லாமல் ஓர் அமைச்சரை ஆளுநர் நீக்கலாம் என்றால், நாளைக்கு எந்த அமைச்சரும் இருக்க முடியாது.

பத்து மசோதா, இரண்டு தீர்ப்பு

பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர் வேந்தராக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் உருவாக்கிய மாநிலச் சட்டம் கொடுத்த பதவி அது. மாநிலச் சட்டம் கொடுத்ததை மாநிலச் சட்டமே எடுக்கலாம் என்பதுதான் லாஜிக். துணைவேந்தர் நியமனத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2022-ல் நிறைவேறின. அவை ராஜ்பவனில் தங்கிவிட்டன. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகு, 2023 நவம்பர் 13 அன்று பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாக ஆளுநர் சொன்னார். 18-ம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு பத்தையும் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 28-ம் தேதி பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். இந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமலே ஓடின. பட்டமளிப்பு விழா தள்ளிப்போனதும் சான்றிதழில் கையெழுத்துப் போட ஆள் இல்லாததும் மாணவர்களுக்கு அரசியல் சண்டையாகத் தெரியாது. வேலைக்குச் சேர வேண்டிய தேதி பக்கத்தில் வந்து நிற்கும்.

2025 ஏப்ரல் 8. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, ஆளுநர் செய்தது சட்டப்படி தவறு என்றது. பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும், இனி ஆளுநர்களுக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கால வரம்பு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. மூன்றே நாளில் பத்தும் அரசிதழில் வந்தன. ஆளுநர் கையெழுத்தும் இல்லாமல், குடியரசுத் தலைவர் கையெழுத்தும் இல்லாமல் நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் வந்த சட்டங்கள். ஆனால் மே மாதமே துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

அதே மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கருத்து சொன்னார்கள். ஆளுநருக்கு நீதிமன்றம் நாள் கணக்கு வைக்க முடியாது. 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது' என்ற ஒன்று அரசியலமைப்பில் இல்லை. இது ஒரு பக்கம். மறுபக்கம், மசோதாவைத் திருப்பியும் அனுப்பாமல் சும்மா நிறுத்திவைக்கும் உரிமை ஆளுநருக்கு இல்லை; காரணம் சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால், 'ஏதாவது ஒரு முடிவு எடுங்கள்' என்று நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இரண்டு பக்கமும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் இந்தக் கருத்து பிரச்சினையை அது பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது: நாடாளுமன்றத்துக்கு. 200-ல் ஒரு கால வரம்பைச் சேர்க்க அரசியலமைப்புத் திருத்தம் போதும். ஆறு மாதம் என்று 2010-லேயே பூஞ்சி ஆணையம் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டது. ஆளுநரை முதல்வரைக் கலந்து நியமிப்பதும், ஐந்து வருடம் முடியும் முன் நீக்க முடியாமல் செய்வதும்கூட ராஜமன்னார், சர்க்காரியா, பூஞ்சி என்று மாறி மாறித் தொட்டுப் பேசிய விஷயங்கள்தான். இதில் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். டெல்லி நினைத்தால் நாளைக்கே அனுப்பிவிடலாம் என்ற பயம் இருக்கும் வரை பர்னாலாக்கள் விதிவிலக்காகத்தான் இருப்பார்கள். மாநில சுயாட்சிக்காக 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு இன்னொரு குழுவை அமைத்தது. குழுக்களுக்குப் பஞ்சம் இல்லை. திருத்தம் கொண்டுவர நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். டெல்லியில் ஆட்சியில் இருக்கும் எந்தக் கட்சியும், காங்கிரஸோ பாஜகவோ, கையில் இருக்கும் ரிமோட்டைத் தானாகக் கீழே வைத்ததாக வரலாறு இல்லை.

இதற்கிடையே 2025 கடைசியில் நாடு முழுக்க ராஜ்பவன்களின் பெயர்ப் பலகை மாறி லோக் பவன் ஆனது. 155, 156, 200 மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. அதுவரை, ஒரு மசோதா கிண்டியில் மாட்டிக்கொண்டால் மாநில அரசுக்கு இருக்கும் வழி இதுதான்: உச்ச நீதிமன்றத்துக்குப் போய், தாமதம் நீண்டது, காரணம் சொல்லப்படாதது என்று நிரூபித்து, முடிவெடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு வாங்க வேண்டும். எத்தனை மாதம் ஆனால் அது 'நீண்ட' தாமதம் என்பதை அந்த ஐந்து நீதிபதிகளும் சொல்லவில்லை.